நான்கு ரியூப் லைற்றும் ஒரு மீன் தொட்டியும்

கவுன்சில்காரர் பெரிய சாமான் குப்பை எடுக்கும் வாரம், எங்களைப் போல அண்மையில் வந்து குடியேறிய குடும்பங்களுக்குக் கொடியேற்றத் திருவிழா மாதிரி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் மெல்பேணில் எங்கள் வீட்டுக் கதிரை, மேசை, பிள்ளைகளின் புத்தக அலுமாரி எல்லாம் அப்படித் தெருவோரப் புல்லில் இருந்து வந்தவைதான். போன வருடம் அதே புல்லில் ஒரு மீன் தொட்டி கிடந்தது. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கண்ணாடியில் வெடிப்பில்லை. அதன்மேல் மூடி போல ஒரு லைற் பெட்டி. உள்ளே நான்கு ரியூப் லைற்றுகள்.

எனது மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட வகுப்பறையில் மீன் தொட்டி இருக்கிறதாம். வந்த நாள் முதல் வீட்டில் அதிகம் கதைக்காத பிள்ளை, அன்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். வேறென்ன செய்வது? இரண்டு பேராகத் தூக்கி வந்தோம். கழுவித் தண்ணீர் விட்டுப் பார்த்தோம், ஒழுகவில்லை. (நிரப்பினால் இருநூற்று நாற்பது லீற்றருக்கு மேல் பிடிக்கும். கால் தொன் பாரம். பலகைத் தளம் உள்ள வீட்டுக்காரர் தொட்டியை எங்கே வைப்பது என்று முதலில் யோசிக்க வேண்டும்.)

லைற் பெட்டியின் பிளக்கைச் சுவரில் குத்தினேன். இரண்டு ரியூப் எரிந்தது. ஒன்று இரு முனையும் செம்மஞ்சளாய்ச் சிவந்தபடி நின்றது. நான்காவது ஒன்றும் செய்யவில்லை. சிறிது நேரத்தில் தார் உருகுவது போல ஒரு மணம் வந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, எங்கள் ஒழுங்கைக்குப் பின்தெருவில் இருக்கும் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

அண்ணை யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை செய்தவர். அவருடைய கிராமத்தில் அரைவாசி வீடுகளுக்கு அவர்தான் லைற் பூட்டினவர் என்று அவருடைய மனைவி பெருமையோடு சொல்லுவா. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று போன பிறகு, வீடுகளில் இருந்த அந்த லைற்றுகள் வருடக்கணக்காய்த் தூசி பிடித்துத் தொங்கின. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். அண்ணை சைக்கிள் டைனமோவில் ரேடியோ வேலை செய்யப் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சுவிச்சைத் தட்டி வெளிச்சம் வருவது என்பது கனவில் நடக்கும் காரியம்.

வந்தவர் முதலில் பிளக் கழன்றிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார். பிறகும் சிறிது நேரம் பொறுத்திருந்தார். மூடியைத் திறந்து உள்ளே ரோர்ச் அடித்தார். நான்கு சோக், நான்கு ஸ்ராட்டர். ஒரு சோக்கின் அடியில் கறுப்பாய் ஏதோ உருகி வழிந்து காய்ந்திருந்தது. வயர்களின் மேலுறை தொட்டால் உதிர்ந்தது.

"தம்பி, இதைப் பூட்டிறது பெரிய வேலையில்லை. ஆனா நான் பூட்டமாட்டன்" என்றார்.

எனக்கு முகம் மாறிவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் எனக்கும் மகனுக்கும் பாடம் எடுத்தார். அந்தப் பாடத்தைத்தான் இங்கே என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் மீன் தொட்டி இல்லாவிட்டாலும் குசினியிலும் காராச்சிலும் ரியூப் லைற் இருக்கிறது அல்லவா?

சோக் எதற்கு?

சாதாரண மின்குமிழில் கம்பி சூடாகி ஒளிரும். ரியூப் லைற்றில் அப்படியல்ல. உள்ளே சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. அதனூடாக மின்னோட்டம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் உண்டாகும். கண்ணாடியின் உட்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றும். பிரச்சினை என்னவென்றால், ஒருமுறை ஓடத் தொடங்கிய மின்னோட்டத்துக்கு அளவு தெரியாது.

"தோட்டத்துக்கு இறைக்கேக்க வாய்க்கால் வரம்பு உடைஞ்சா என்ன நடக்கும்? தண்ணி பாயப் பாய உடைப்புப் பெருக்கும், உடைப்புப் பெருக்கப் பெருக்க இன்னும் தண்ணி பாயும். ரியூப்புக்குள்ளயும் அதுதான். அதை மறிச்சுப் பிடிக்கிற மண்வெட்டிதான் சோக்" என்றார் அண்ணை. இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

பழைய முறையில் சோக் ரியூப்போடு தொடராக இருக்கும். ஸ்ராட்டர் ரியூப்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே இருக்கும். சுவிச்சைப் போட்டதும் ஸ்ராட்டருக்குள் இருக்கும் சிறு தகடு சூடாகி வளைந்து தொடும். அப்போது ரியூப்பின் இரு முனை இழைகளும் சூடாகும். தகடு ஆறி விலகும் கணத்தில் சோக் ஓர் உதை கொடுக்கும். அந்த உதையில் ரியூப் பற்றிக்கொள்ளும். ஆகவே இரு முனையும் சிவந்தபடி நின்றால் பெரும்பாலும் ஸ்ராட்டரின் தகடு ஒட்டிப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முனைகள் கறுத்து, லைற் கண் சிமிட்டினால் ரியூப்புக்கு வயதாகிவிட்டது. ஸ்ராட்டரும் ரியூப்பும் விலை குறைந்தவை, பிளக்கைக் கழற்றிவிட்டு யாரும் மாற்றலாம். சோக் எரிந்து வழிந்திருந்தால் அது வேறு கதை.

நான்கு அடி ரியூப் 36 வாற். அதற்கு ரியூப் ஒன்றுக்கு ஒரு சோக் வேண்டும். இரண்டு அடி ரியூப் 18 வாற். அதில் இரண்டைத் தொடராக இணைத்து ஒரே 36 வாற் சோக்கில் எரிக்கலாம், ஸ்ராட்டர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியாக, தொடர் இணைப்புக்கு ஏற்ற வகையாக இருக்க வேண்டும். இப்போது வரும் எலெக்றோனிக் பெட்டிகளில் ஸ்ராட்டரே இல்லை. ஒரு பெட்டி இரண்டு ரியூப்பையோ நான்கு ரியூப்பையோ எரிக்கும். நொடிக்கு 50 தடவை மாறும் மின்சாரத்தை அது 20,000 தடவைக்கு மேல் மாறச் செய்வதால் லைற் துடிக்காது, இரைச்சலும் இல்லை. மெல்லிய ரி-5 ரியூப்புகள் இந்தப் பெட்டிகளுக்கென்றே செய்யப்பட்டவை.

மின்செலவிலும் வித்தியாசம் உண்டு. பழைய சோக் ஒன்று தானே சூடாகி 9, 10 வாற் அளவு தின்னும். நான்கு ரியூப்பும் சோக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 180 வாற். நாளுக்குப் பத்து மணித்தியாலம் எரித்தால் 1.8 அலகு. அலகு 30 சதம் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 200 டொலர் வரை வரும். மீனைவிட லைற்றுக்குத்தான் தீனி அதிகம்.

கறுப்பு வயர் எது?

நான் இன்ரநெற்றில் எடுத்த ஒரு வயரிங் படத்தை அண்ணைக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அது அமெரிக்கப் படம்.

வாசகர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள். ஊரில் பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் கம்பி, பச்சை புவிக்கம்பி. இங்கேயும் சுவருக்குள் ஓடும் வயரில் சிவப்புத்தான் உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல். உயிர்க்கம்பியை இங்கே 'அக்ரிவ்' என்பார்கள். பிளக்கோடு வரும் வளையும் வயரில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சை-மஞ்சள் புவி. ஆனால் அமெரிக்காவில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி! வெள்ளை நொதுமல். அந்தப் படத்தைப் பார்த்து இங்கே பூட்டினால் உயிரும் நொதுமலும் இடம் மாறும். லைற் எரியும், ஆனால் சுவிச்சை நிறுத்திய பிறகும் உள்ளே உயிர் ஓடிக்கொண்டிருக்கும். அத்துடன் அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 சுற்று. இங்கேயும் இலங்கையிலும் 230 வோல்ற், 50 சுற்று. அங்கே விற்கும் பெட்டிகள் பலவற்றில் ரியூப்பின் ஒரு முனைக்கு ஒரே வயர்தான், இரண்டு ஊசிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். எங்கள் பெட்டிகள் பலவற்றில் முனைக்கு இரண்டு வயர். ஒன்றைப் பார்த்து மற்றதைச் செய்ய முடியாது.

"படம் வேணுமெண்டால் பெட்டியின்ர முதுகைப் பார்" என்பது அண்ணையின் வாக்கு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதற்குரிய படம், எத்தனை ரியூப், எத்தனை வாற் என்று அச்சடித்திருக்கும். அதில் உள்ளது மட்டுமே சரி. இரண்டு 36 வாற் ரியூப்புக்கு என்று எழுதிய பெட்டியில் வேறு அளவு ரியூப் பூட்டக்கூடாது. பொருள் அவுஸ்திரேலியாவில் விற்கத் தகுதியானது என்பதற்கு முக்கோணத்துக்குள் சரி அடையாளம் போட்டது போன்ற ஒரு குறி இருக்கும், அதையும் பாருங்கள். கொழும்பிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த சாமான்களை அடப்ரரில் குத்துவோர் நம்மில் பலர். பிரயாண அடப்ரர்கள் பலவற்றில் புவிக்கம்பித் தொடர்பே கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தண்ணீருக்கு மேலே மின்சாரம்

மீன் தொட்டி லைற் ஏனைய லைற்றுகளைப் போன்றதல்ல. கீழே இரவு பகலாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே ரியூப் முனையில் மாட்டும் பிடிகள் இறப்பர் வளையத்தோடு நீர் புகாதபடி இறுக மூடியிருக்க வேண்டும். சோக்கோ பெட்டியோ தொட்டிக்கு நேரே மேலே அல்லாமல் பக்கத்தில், உலர்ந்த இடத்தில் இருப்பது நல்லது. ரியூப்புக்கு மேலுள்ள உலோகத் தகட்டுக்குப் புவிக்கம்பி கட்டாயம். தொட்டியிலிருந்து பவர் பொயின்றுக்குப் போகும் வயர் நேராகப் போகாமல் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். அப்படியானால் வயர் வழியே ஓடிவரும் தண்ணீர்த் துளி தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மகன் ஒரு கேள்வி கேட்டான். கரண்ட் தண்ணீருக்குள் வந்தால் மீன் செத்துவிடும்தானே, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று. அண்ணை அவன் தலையைத் தடவிச் சொன்னார்: "இல்லை ராசா. கம்பியில காகம் இருக்குது, சாகுதா? மீன் சும்மா நீந்தும். தரையில நிண்டுகொண்டு கையை வைக்கிற நீதான் மாட்டுவாய்." தொட்டிக்குள் கை வைக்கு முன் லைற், ஹீற்றர், பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்ற வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்.

அதன் பிறகுதான் அவர் எழுந்து வெளியே போய் மீற்றர் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே வெள்ளைப் பீங்கான் உருகிகள் வரிசையாக இருந்தன. ஊரில் எங்கள் தாத்தா வீட்டில் இருந்த மாதிரியே.

உருகி வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. 16 அம்பியர் உருகி எரிவதற்கு முன், அம்பியரில் பத்தில் ஒரு பங்கே ஓர் உயிரை எடுத்துவிடும். அதற்காகத்தான் சேஃப்ரி சுவிச் வந்தது. ஊரில் ரிப் சுவிச் என்போம். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் 30 மில்லி அம்பியர் வித்தியாசப்பட்டாலே, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அது துண்டித்துவிடும். அதன் முகத்தில் 'ரி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தான் இல்லாத கறுப்புச் சுவிச்சுகள் சேஃப்ரி சுவிச் அல்ல. இந்தச் சுவிச்சும் சர்வ வல்லமை உள்ளதல்ல. ஒருவர் ஒரே நேரத்தில் உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் பிடித்துவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஆறு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் அது இல்லை. நாங்கள் அங்கே பதினான்கு மாதமாக இருந்தோம்.

விக்ரோறியாவில் வாடகை வீடுகளுக்கு 2023 மார்ச் 29 முதல் சுற்றுடைப்பானும் சேஃப்ரி சுவிச்சும் உள்ள புதிய வகைச் சுவிச்போட் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லைசன்ஸ் உள்ள எலெக்றீசியன் வந்து வீட்டு மின்சாரத்தைப் பரிசோதிக்கவும் வேண்டும். இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்போமா என்பது சந்தேகம். வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு, ஏஜன்றோடு ஏன் வம்பு என்றுதான் நம்மவர் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனைவிதான் அன்றிரவே எழுதச் சொன்னா. 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கு எடுத்தால் தமிழில் கதைக்கலாம் என்பதும் அவவுக்குத்தான் தெரிந்திருந்தது. ரெலிபோனில் சொல்லிவிட்டு, பிறகு மகளின் உதவியோடு எழுத்திலும் அனுப்பினோம். ஏஜன்ற் முதலில் தட்டிக் கழித்தார். விதியின் திகதியைக் குறிப்பிட்டு இரண்டாவது கடிதம் போனது. அந்த வாரமே ஆள் வந்தது. வீட்டை விட்டு யாரும் எழுப்பவில்லை.

ஆபத்தான மின்பழுது அவசரத் திருத்தத்துக்குள் அடங்கும். வீட்டுக்காரர் உடனே கவனிக்காவிட்டால் விக்ரோறியாவில் 2,500 டொலர் வரையும், நியூ சவுத் வேல்ஸில் 1,000 டொலர் வரையும் குடியிருப்பவரே செலவு செய்து திரும்பக் கேட்க முடியும். அதற்கு முன் வீட்டுக்காரருக்கு அறிவித்த சான்றும், வேலை செய்தவரின் பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். சேஃப்ரி சுவிச் வரும்வரை, ஹாட்வெயர் கடைகளில் பவர் பொயின்றில் குத்திப் பாவிக்கும் சேஃப்ரி சுவிச் வாங்கலாம். நாங்கள் அந்த ஒரு வாரமும் அதைத்தான் பாவித்தோம்.

ஏன் பூட்டமாட்டன் என்றார்?

இது அண்ணையின் சொந்த விடயம். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.

இங்கே சுவரிலோ கூரையிலோ உள்ள வயரில் லைசன்ஸ் இல்லாதவர் கை வைப்பது சட்டவிரோதம். சிட்னியிலும் அதுதான், மெல்பேணிலும் அதுதான். சொந்த வீடென்றாலும் விலக்கில்லை. ஊரில் அவர் செய்த வேலை எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வர, முதலில் அதைத் தாளில் நிரூபிக்க வேண்டும். அவருடைய தாள்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. பழைய முதலாளி ஒருவரைத் தேடிப்பிடித்துக் கடிதம் எடுக்கவே ஒரு வருடம் சென்றது. பிறகு இங்குள்ள விதிகளில் பயிற்சி, லைசன்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை, அதன்பின் செய்முறைப் பரீட்சை, எழுத்துப் பரீட்சை. வயரிங் விதிப்புத்தகம் முழுவதும் ஆங்கிலம், ஐந்நூறு பக்கத்துக்கு மேல். ஐம்பது வயதுக்கு மேல் அவர் அதை இரவில் அகராதியோடு படித்துக்கொண்டிருந்தார்.

"கைக்குத் தெரியும் தம்பி. ஆனா ஒரு சின்ன லைற்றால இந்தப் படிப்பெல்லாம் போகக்கூடாது. ஏதும் நடந்து வீடு எரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் ஆர் பூட்டினதெண்டுதான் முதல் கேப்பான். உன்ர பேரையும் கேப்பான்."

நம் ஆட்களில் சிலர் அவரைப் பெருமைக்காரன் என்று கதைத்தது எனக்குத் தெரியும். காசுக்கு இரகசியமாய் வந்து செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னார். அதை எப்படி அவர் முகம் சுளிக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

முடிவில், அவர் யாருக்குக் கீழ் வேலை செய்கிறாரோ அந்த லைசன்ஸ்காரரிடமே எங்கள் லைற் பெட்டி போனது. பழைய வயர், நான்கு சோக் எல்லாம் கழற்றி, இரண்டு ரியூப்புக்கு ஒன்றாக இரண்டு எலெக்றோனிக் பெட்டிகள், புதிய பிடிகள் பூட்டி, பரிசோதித்து, வயரில் திகதியிட்ட சீட்டும் ஒட்டி வந்தது. வயர் முழுவதையும் அண்ணைதான் பிடித்துப் பூட்டினாராம். பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்து வைத்தது மற்றவர்.

உண்மையைச் சொன்னால், புதிதாக வாங்குவோர் எல்ஈடி லைற் வாங்குவதே புத்தி. ரியூப் லைற்றில் பாதரசம் இருப்பதால், மினமாற்றா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023 இல் ஜெனீவாவில் கூடி, 2027 முடிவுக்குள் அதன் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. அவுஸ்திரேலியாவும் அதில் ஒன்று. ரியூப் உடைந்தால் யன்னலைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். வக்கூம் போடாமல், தடித்த மட்டையால் கூட்டி அள்ளி மூடிய போத்தலில் போடுங்கள். பழைய ரியூப் வீட்டுக் குப்பைக்குப் போகக்கூடாது. நியூ சவுத் வேல்ஸில் சமூக மீள்சுழற்சி நிலையங்கள் எடுக்கின்றன. விக்ரோறியாவில் 2019 ஜூலை 1 முதல் மின்கழிவைக் குப்பையில் போடுவதற்கே தடை, எங்கே கொடுப்பது என்று கவுன்சிலில் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் தொட்டியில் இப்போது பதினொரு மீன்கள். லைற் காலை பதினொன்றுக்கு எரிந்து இரவு எட்டுக்குத் தானாக நிற்கும். அதைவிடக் கூட எரித்தால் கண்ணாடியில் பாசி பிடிக்கிறது. அண்ணைக்குப் போன மாதம் செய்முறைப் பரீட்சை முடிந்தது, எழுத்துப் பரீட்சை இன்னும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேஃப்ரி சுவிச்சைச் சோதிக்க வேண்டும் என்பார்கள். அவரோ எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் நேரே சுவிச்போட்டுக்குப் போய், மகனைக் கொண்டு 'ரி' பொத்தானை அழுத்தச் செய்து, மீன் தொட்டி இருண்டு போவதைப் பார்த்துவிட்டு, திரும்பப் போட்ட பிறகுதான் தேத்தண்ணி குடிக்க உட்காருகிறார்.